பழுதில்லாத வண்டி

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

மெக்கானிக் கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். விடுதி அறைக்கு வந்து நேரில் சொல்லத் தைரியம் இல்லை.

காலையில் நீ மெக்கானிக்கைப் பிடிபிடியென்று பிடித்தாய். "ஏம்ப்பா, நேத்துலேருந்து வண்டிக்குள்ள அப்படி என்னத்தத் தேடுற? புதையலா?" அவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டேன். "பார்ட்ஸ் வரணும்மா" என்றார், நான் கெஞ்சிக் கேட்டுக்கொண்டபடி.

வண்டிக்கு ஒன்றுமில்லை.

நேற்று அந்தக் கடலோர வளைவில், ஆள் நடமாட்டமே இல்லாத குட்டிக் கடற்கரை ஒன்றைக் கண்டுபிடித்தாயே. "என்னங்க, கீழ பாருங்க!" என்று நீ கைகொட்டியபோது, தண்ணீரில் பட்ட வெயில் என் கண்ணில் அடித்தது. சாலையே தெரியவில்லை. சக்கரம் ஓரத்துச் சரளையில் இறங்கிய சத்தம் கேட்டுத்தான் திருப்பினேன். நீ கவனிக்கவில்லை. அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததுதான் இப்போது என்னைத் தின்கிறது.

வலது கண் சில மாதங்களாகவே புகைமூட்டம். சொன்னால் நம் பயணங்கள் நின்றுவிடுமே என்று, உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டினேன். நேற்றைக்குப் பிறகு ஓட்டப் பயந்துதான் வண்டி பழுது என்று பொய் சொன்னேன்.

ஊருக்குள் நீ நன்றாகவே ஓட்டுகிறாய். வளைவெல்லாம் உனக்குச் சரிப்படாது என்று நான் சொன்னது வீண் ஜம்பம்.

மெக்கானிக்கிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "விடுங்க சார், எங்க வீட்டுல வாங்குற திட்டுல இது கால்வாசிகூட இல்ல" என்றார்.

சாவியை இந்தக் கடித உறைக்குள் வைத்திருக்கிறேன். அந்தக் கடற்கரைக்கா, வீட்டுக்கா என்பதை நீயே முடிவு செய். எங்கே போனாலும் ஓட்டப்போவது நீதான்.

வழியெல்லாம் திட்டு வாங்கத் தயாராக,
உன் வீட்டுக்காரன்