வரைபடத்தில் மட்டும் ஒரு மலை

மார்ச் 3

பேராசிரியர் அந்த மலையில் ஏறியதே இல்லை.

ஏறியதாக எழுதியிருக்கிறார். அவருடைய புகழ்பெற்ற புத்தகத்தில் ஓர் அத்தியாயம் இப்படித் தொடங்குகிறது: ‘உச்சியில் நின்று மூச்சு வாங்கியபோது, இந்த மண்ணின் வரலாறு என் காலடியில் விரிந்தது.’ மூச்சு வாங்கினாராம். லிஃப்ட் பழுதானால் முதல் மாடி வகுப்பையே ரத்து செய்கிற மனிதர்.

இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறேன்? இன்று நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே மலையே இல்லை.

பேராசிரியரின் ‘மண்டல வரலாறும் நிலவியலும்’ தொகுதிக்குப் புதிய பதிப்பு வருகிறது. அட்டைக்கு மலையின் படம் வேண்டும் என்று என்னை அனுப்பினார். நான் அவரிடம் ஆய்வு மாணவி. அதாவது சம்பளமில்லாத எடுபிடி. பஸ்ஸில் கண்டக்டரிடம் மலை எங்கே என்று கேட்டேன்.

“மலையா? இந்த ரூட்லயே உசரமான இடம், இப்ப தாண்டுனோமே, அந்த ஸ்பீட் பிரேக்கர்தாம்மா.”

பஸ்ஸே சிரித்தது. இறங்கிப் பார்த்தால் உள்ளங்கை மாதிரி நிலம். தகரக் கூரைகள், நடுவில் மண் தெரு, வாசலுக்கு வாசல் காலிக் குடங்கள். தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்து ஓர் அக்கா குரல் கொடுத்தார்.

“என்ன கண்ணு, அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கிற?”

“மலையைத் தேடறேங்க்கா.”

“நாங்களும் அதைத்தான் தேடறோம். கிடைச்சா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ.”

கிண்டல் என்று நினைத்தேன். இல்லை. குழாய் கேட்டு எழுதும்போதெல்லாம் ‘மலைப்பகுதி, தண்ணீர் ஏறாது’ என்று பதில் வருகிறதாம். “ஒரு பாட்டிலைப் படுக்க வெச்சா உருள மாட்டேங்குது. இது மலையாம்!” என்றார். லாரித் தண்ணீர்தான். அதுவும் வந்தால் உண்டு.

மார்ச் 4

மலையைக் கெல்லி எலியைப் பிடித்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அவர்களுக்கு மலையாவது இருந்தது.

மார்ச் 7

நாள் முழுக்க நூலகம். தும்மித் தும்மி மூக்கு சிவந்துவிட்டது.

பேராசிரியர் மலைக்கு ஆதாரமாகக் காட்டுவது அவருடைய ஆசிரியரின் புத்தகத்தை. அந்த ஆசிரியர் தன் ஆசிரியரைக் காட்டுகிறார். அந்தப் பெரியவர், வெள்ளைக்காரன் காலத்து நில அளவை வரைபடத்தைக் காட்டுகிறார். கண்ணை மூடிக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி, மூன்று தலைமுறை மலையேறியிருக்கிறது!

வரைந்தவன் ஏன் வரைந்தான்? யாருக்குத் தெரியும். மலைக்குத் தன் மேலதிகாரியின் பெயரை வைத்திருக்கிறான். மேலதிகாரியின் மனதைக் குளிரவைக்க மலை வேண்டியிருந்திருக்கும். பள்ளத்துக்கா அவர் பெயரை வைக்க முடியும்?

இதைவிடப் பெரிய கூத்து, விடுதலைக்குப் பிறகு நடந்தது. அந்நியன் பெயர் நமக்கு எதற்கு என்று சட்டசபையில் மேசையைத் தட்டி, மலைக்கு நம் தலைவர் ஒருவரின் பெயரைச் சூட்டினார்கள். பெயரைப் பிடுங்கினவர்களுக்கு மலையைப் போய்ப் பார்க்க நேரமில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர்கள் வெறும் சோற்றிலிருந்து முழுப் பூசணிக்காயை எடுத்துப் பரிமாறியிருக்கிறார்கள்.

மார்ச் 8

அண்ணன் குடிநீர் வாரியத்தில் வேலை பார்க்கிறான். சாப்பிடும்போது கேட்டேன்.

“வரைபடத்துல மலைன்னா எங்களுக்கு மலைதான், ஆராய்ச்சிக்காரம்மா. நாங்க என்ன பண்றது?”

“ஒரு தடவை நேர்ல போய்ப் பாக்கக் கூடாதா?”

“போய்ப் பாத்தவன்தான் நானு. தரைதான்னு எழுதிக் குடுத்தேன். நீ பெரிசா, வரைபடம் பெரிசான்னு கேட்டாங்க. வரைபடத்தைத் திருத்தினா மறுநாளே குழி தோண்டுவோம்.”

திருத்தும் குழுவுக்குத் தலைவர் யார்? எங்கள் பேராசிரியரேதான். தொகுதியோடு புதிய வரைபடமும் இந்த மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. இந்தத் தடவை விட்டால் அடுத்த திருத்தம் பத்து வருஷம் கழித்து. அந்த மலைமேல் அவர் ஒரு கோடு கிழித்தால் போதும். ஒரே ஒரு கோடு.

மார்ச் 10

சொன்னேன். பேராசிரியரிடம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னேன்.

“நீ தப்பான ஸ்டாப்ல இறங்கியிருப்பம்மா.”

“சார், சுத்துவட்டாரம் முழுக்க நடந்து பாத்துட்டேன். எங்கயும் இல்ல.”

கண்ணாடியைத் துடைத்தார். “அப்ப அரிச்சுப் போயிருக்கும். மழை, காற்று... நிலவியல்ல இதெல்லாம் சகஜம்.”

“நீங்க ஏறினப்புறமா சார் அரிச்சுது?”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். மலைமக்களின் எதிர்ப்பு பற்றிய அவருடைய கோட்பாடு முழுக்க அந்த மலைமேல்தான் நிற்கிறதாம். பதினொரு நாடுகளில் பாடமாக இருக்கிறதாம்.

“உன் ஆய்வேடு என் மேசைமேலதான் இருக்கு. நான் இன்னும் கையெழுத்துப் போடலை. ஞாபகம் இருக்கட்டும்.”

ஞாபகம் இருக்கிறது சார். நாலு வருஷ உழைப்பு. மறக்குமா?

மார்ச் 11

தூக்கமில்லை. பட்டமா, அந்தத் தெருவின் தண்ணீரா?

மார்ச் 14

அந்நியன் போய்விட்டான் என்று வருஷா வருஷம் கொடியேற்றுகிறோம். எங்கே போனான்? அவன் பேனா இன்னும் நம்ம கையிலதான இருக்கு. அவன் ஒரு சாயங்காலம் சோம்பலா ஒரு சுழி போட்டான். அந்தச் சுழிக்குக் கீழ ஒரு தெருவே குடத்தைத் தூக்கிக்கிட்டு அலையுது. அதை வெச்சு நாம கோட்பாடு எழுதறோம், விருது வாங்கறோம். வெக்கமா இல்ல? எனக்கு இருக்கு.

சரி, கத்தியது போதும். நாளை தையல்கார அக்காவைப் பார்க்கப் போகிறேன்.

மார்ச் 15

அக்கா மூளைக்காரி. நான் மனு, போராட்டம் என்று அளந்துகொண்டிருந்தேன். நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே கேட்டார்:

“உங்க வாத்தியாருக்கு மேடை பிடிக்குமா?”

“உசுரு.”

“அப்ப பாராட்டு விழான்னு சொல்லு. மலையைப் பத்தி எழுதினவருக்கு மலை சனங்க நன்றி சொல்றோம்னு சொல்லு. தானா ஓடி வருவாரு.”

“வந்து மலை எங்கேன்னு கேட்டா?”

“அதை அவர்கிட்டதான கேக்கணும்?”

மார்ச் 18

ஒப்புக்கொண்டார்! அழைப்பிதழை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார். “பாத்தியா? மலைமக்களே கூப்பிடறாங்க. நீ தப்பான ஸ்டாப்லதான் இறங்கியிருக்க” என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, “விழாவை அடிவாரத்துலயே வெச்சுக்கச் சொல்லு. உச்சின்னா வயசானவங்களுக்குச் சிரமம்.”

சிரிப்பை அடக்கக் கழிவறைக்கு ஓடினேன். பிறகு அங்கேயே நின்று கொஞ்சம் அழுதேன். ஆய்வேடு போச்சு என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது.

மார்ச் 23

விழா முடிந்தது. முடிந்ததா?

காரிலிருந்து வெயில் தொப்பியும் கைத்தடியுமாக இறங்கினார். முதலில் எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். பிறகு கூட்டத்துக்குப் பின்னால் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம். மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தார். அடிவானம் வரைக்கும் ஒரு தடங்கலும் இல்லை. என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். தொலைந்துபோன பிள்ளை மாதிரி இருந்தது முகம். திரும்பிக் காருக்கே போய்விடுவாரோ என்றும் நினைத்தேன். போகவில்லை. தானாகவே மேடையேறி உட்கார்ந்தார்.

மேடை என்றால் நாலு மரப்பெட்டிகளும் ஒரு நாற்காலியும். எல்லாரும் நிஜமாகவே கை தட்டினார்கள். தெருவே வந்திருந்தது, குடங்களோடு. லீவு போட்டுவிட்டு வந்திருந்த அண்ணன் கடைசி வரிசையில் நின்றான். அச்சுக்குப் போகவேண்டிய வரைபடத்தை நான் மேசைமேல் விரித்து, பக்கத்தில் ஒரு சிவப்புப் பேனாவை வைத்தேன். ஆய்வேடு போனால் போகட்டும். பரவாயில்லை, வைத்துவிட்டேன்.

அக்கா மைக்கை வாங்கினார். கோபமே இல்லை அந்தக் குரலில். பக்கத்து வீட்டில் ஊசி கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

“சார், எங்களைப் பத்தி நிறைய எழுதியிருக்கீங்களாம், சந்தோசம். வேற ஒண்ணும் வேண்டாம். எங்களை இந்த மலையிலேர்ந்து கீழ இறக்கி விட்டுருங்க.”

பேராசிரியர் பேனாவைக் கையில் எடுத்தார். மூடியைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

“சொல்லுங்க சார்,” என்றார் அக்கா. “இறக்கி விடுவீங்களா?”