மறுதரப்பும் எழுத வேண்டுமாம்

அன்புள்ள ரஸ்ஸலுக்கு,

இங்கே நலம். ரேடியோவில் அலாஸ்கா கடல் வானிலை வாசிக்கும்போதெல்லாம் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்கிறேன். உன் நண்டுப் படகு துறைமுகத்துக்குத் திரும்பும்போது இந்தக் கடிதம் உனக்காகக் காத்திருக்கும் என்று நினைக்கிறேன். உட்கார்ந்து படி. கோபமாக எழுதுகிறேன்; உன்மேல் இல்லை.

கூரையில் பனி ஏறிக் கிடக்கிறது. வண்டிச் சக்கரங்களுக்குச் சங்கிலி மாட்டிவிட்டேன். வயிற்றில் குழந்தை நன்றாக வளர்கிறதாம். நான் கல்லூரி நாற்காலியில் உட்கார்ந்ததும் உதைக்க ஆரம்பித்துவிடுகிறது.

நர்சிங் சேர ஆங்கிலக் கட்டுரை வகுப்பில் தேற வேண்டும் என்றபோது, "இங்கிலீஷ்தானே, பொறந்ததுலேருந்து பேசறதுதானே" என்று கேலி செய்தாயே, நினைவிருக்கிறதா? நானும் அப்படித்தான் போனேன். ஒரு விஷயத்தை எடுத்து, ஆராய்ந்து, வாதாடி எழுத வேண்டும் என்றார் ஹால்வர்சன் டீச்சர். மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருக்க, நான் உடனே எழுதிக் கொடுத்தேன்: நம் ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவப் பிரிவை ஏன் மூடினார்கள்?

உன் தங்கை ஜானெல் மலைக்கு அந்தப்பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், கணவாயில், வண்டியின் பின்சீட்டில் பெற்றதையும், ரத்தம் நிற்காமல் அவள் கிடந்ததையும் அப்படியே கொட்டினேன். டீச்சர் திருப்பிக் கொடுத்துவிட்டார். "உங்க கோபம் புரியுது கொரீன். ஆனா கோபம் ஆதாரம் ஆகாது. முதல்ல ஆஸ்பத்திரி தரப்பை எழுதுங்க. அவங்களே படிச்சுத் தலையாட்டணும். அப்புறம் மறுங்க" என்றார். அந்தப் பின்சீட்டைக் கழுவியவள் நான். அவர்கள் தரப்பை நான் ஏன் எழுத வேண்டும்? வீடு வரும்வரை திட்டிக்கொண்டே வந்தேன்.

ஆனாலும் போனேன். ஆஸ்பத்திரி நிர்வாகி ப்ரூவர் காப்பி கொடுத்து மரியாதையாகத்தான் பேசினார். இருந்த ஒரே பிரசவ டாக்டரும் போய்விட்டாராம்; வருஷக்கணக்கில் விளம்பரம் கொடுத்தும் யாரும் வரவில்லையாம். நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைப் புரட்டினேன். அது உண்மைதான். வயிற்றெரிச்சலோடு எழுதிக்கொண்டேன். அதோடு ப்ரூவர், ஊர்ப் பெண்களே விரும்பித்தான் மலைக்கு அந்தப்பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், இங்கே ஆளே வருவதில்லை, அதனால்தான் மூட வேண்டியதாயிற்று என்றும் சொன்னார்.

அதையும் விசாரித்துவிடலாம் என்று கிளம்பினேன். சலவை நிலையத்தில், பள்ளி வாசலில், சர்ச் விருந்தில், சமீபத்தில் பிள்ளை பெற்றவர்களை எல்லாம் கேட்டேன். ஒருத்தியும் விரும்பிப் போகவில்லை, ரஸ்ஸல். மூடப் போவதாக அறிவிப்பதற்கு மாதங்கள் முன்பே, பெயர் பதியப் போனவர்களை இனி இங்கே பதிவதில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அங்கே நர்ஸாக இருந்த டெனீஸ், தன் வாயாலேயே அப்படிச் சொல்லச் சொன்னார்கள் என்றாள். பெயர் போட்டே எழுது என்றும் சொன்னாள். வாசலில் நின்று விரட்டிவிட்டு, ஆள் வரவில்லை என்று கடையைச் சாத்தியிருக்கிறார்கள்.

கல்லூரியில் வருஷாவருஷம் ஒரு விழாவில் நல்ல கட்டுரைகளை ஊர்க்காரர்கள் முன்னால் வாசிக்க வைப்பார்கள். என்னுடையதும் தேர்வானது. விழா வாரத்துத் திங்கட்கிழமை டீச்சர் தனியாகக் கூப்பிட்டார். நர்சிங் மாணவர்களுக்கு அந்த ஆஸ்பத்திரிதான் பயிற்சி இடம் கொடுக்கிறது, கல்லூரி டீன் சங்கடப்படுகிறார், பள்ளிகளில் செல்போன் வேண்டுமா என்று நான் முன்பு எழுதிய கட்டுரையை வாசிக்கலாமே என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இப்படிச் சொல்றதால யாருக்கு லாபம்னு ஒவ்வொரு ஆதாரத்தையும் கேக்கச் சொன்னீங்க. உங்களையும் கேக்கலாமா டீச்சர்?" என்றேன். செல்போன் கட்டுரையை வாசிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வண்டிக்குள் வந்து அழுதேன். துக்கத்தில் இல்லை. வாதாடக் கற்றுக்கொடுத்துவிட்டு, வாதாடினால் வாயை மூடு என்கிறார்களே என்ற ஆத்திரம்.

என் வகுப்பில் லைல் என்று ஒருவர் படிக்கிறார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர்; அவர் கட்டுரையும் தேர்வாகியிருந்தது. விழாவுக்கு வந்தே தீர வேண்டும் என்று பிடிவாதமாகக் கூப்பிட்டார். ஜானெல் குழந்தையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்; நான் பக்கத்தில். முன்வரிசையில் டீனும் ப்ரூவரும். லைல் முறை வந்தது. மேடையேறி, "என் கட்டுரை எங்கயும் ஓடிப்போயிடாது. என் நேரத்தை அந்தப் பொண்ணுக்குக் குடுக்கறேன். வாம்மா கொரீன்" என்றார். டீன் பாதி எழுந்தார். ஹால்வர்சன் டீச்சர் இருந்த இடத்திலிருந்தே சொன்னார்: "நேரம் அவரோடது சார். யாருக்கு வேணாலும் குடுப்பார்." இந்தத் தைரியம் திங்கட்கிழமையே வந்திருக்கக் கூடாதா?

மேடையேறி, பையிலேயே இருந்த கட்டுரையை எடுத்து வாசித்தேன். ஆஸ்பத்திரி தரப்பை வாசித்தபோது ப்ரூவர் நிஜமாகவே தலையாட்டினார். திருப்பி அனுப்பப்பட்ட பெண்களின் பெயர்களை, அவர்கள் சம்மதத்தோடு, ஒவ்வொன்றாகச் சொன்னதும் தலையாட்டுவது நின்றது. டெனீஸ் பெயர் வந்ததும் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். முடித்ததும் யாரோ ஒருத்தி, "என்னையும்தான் அனுப்பினாங்க" என்றாள். அப்புறம் இன்னொருத்தி.

இதனால் பிரிவு திறந்துவிடவில்லை. மறுபரிசீலனை இல்லை என்று ஆஸ்பத்திரி அறிக்கை விட்டிருக்கிறது. மாவட்டக் குழு மட்டும் விசாரிக்கப் போகிறதாம், வெயில் காலத்தில். அதற்குள் நம் குழந்தை குப்புற விழுந்திருக்கும். கட்டுரைக்கு முழு மதிப்பெண்கூட இல்லை. மேற்கோள் பட்டியலில் காற்புள்ளிகள் தப்பாம். நர்சிங்குக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன். மறுத்தால் காரணத்தை எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்பேன்.

பிரசவம் மார்ச் முதல் வாரம் என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொல்கிறார். எந்த நேரமானாலும் தானே ஓட்டிப் போவதாக லைல் சொல்லியிருக்கிறார். ஜானெலும் கூட வருவாள். ஆனால் கணவாய்ச் சாலை என்றாலே அவள் முகம் வெளுத்துவிடுகிறது. நான் பார்க்காததுபோல இருந்துகொள்கிறேன். எல்லோரிடமும் எனக்குப் பயமில்லை என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். நீ கேப்டனிடம் லீவு கேட்டுப் பார், ரஸ்ஸல். பனி பெய்தால் அந்தச் சாலையில் நீ எவ்வளவு நிதானமாக ஓட்டுவாய் என்று எனக்குத் தெரியும். கடல் உன்னைப் பத்திரமாகக் கரைக்கு அனுப்பட்டும். நண்டு அடுத்த வருஷமும் இருக்கும். வந்துவிடு.

உன்,
கொரீன்