உட்கார்ந்தே ஆடினோம்

அன்புள்ள அம்மா,

முட்டிவலி தேவலையா? எனக்குக் காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. பயப்படாதே.

தொற்றுக்குப் பயந்து, நான் பாடும் கடற்கரை ஹோட்டலில் விருந்தினர் எழுந்து ஆடத் தடை, பாட்டுக்கு இல்லை. நேற்று நான் பாடும்போது, முகக்கவசம் போட்ட ஒரு பெரியவர் நாற்காலியில் இருந்தபடியே தோளைக் குலுக்கினார். பார்த்துக்கொண்டிருந்த கூட்டமே குலுங்கியது. அந்த நேரம் பார்த்து போலீஸ்காரர் நுழைந்தார்.

"யாரும்மா ஆட விட்டது?"

"எல்லாரும் உக்காந்துதானே சார் இருக்காங்க?" என்று மைக்கிலேயே கேட்டேன். மனிதர் நாற்காலிகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"ஊரே சிரிக்குது, வரச் சொல்லு" என்றாராமே அப்பா. சிரிக்கட்டும். வர மாட்டேன்.

உன் பழைய புடவை ஒன்று அனுப்பு. அறை ஜன்னலுக்குத் திரை இல்லை. துவைக்காமல் அனுப்பு.

மேடைக்குக் கூப்பிடுகிறார்கள். இந்த ஹோட்டலில் நின்றுகொண்டு ஆட அனுமதியுள்ள ஒரே ஆள்,

உன் மகள்.