ஆறடிப் பெண்ணும் நான்காமிடமும்

அன்பு மனைவி கோச் அம்மாவுக்கு,

மூன்று நாளாக நீ பேசாததால், அடுத்த அறையிலிருந்தே எழுதுகிறேன்.

உன் கல்லூரிக் கூடைப்பந்து அணி சென்ற ஆண்டு ஏழாமிடம். இம்முறை நான்காமிடத்துக்கு உயரமான பெண் ஒருத்தி வேண்டுமென்றாய். லண்டனின் அந்தப் பக்கம் இல்ஃபோர்டில் இருக்கும் புஷ்பராணி அக்காவிடம், மேற்படிப்புக்கு இடம் தேடும் அவர் மகளின் உயரம், வயதெல்லாம் விசாரித்து, "ஞாயிறு குடும்பமாய் வாறம்" என்ற நான், கூடைப்பந்தை மட்டும் சொல்ல மறந்தேன்.

போனால், ஆறடி மகள் பட்டுச்சேலையில்! "மாப்பிள்ளை வரேல்லையோ?" என்றார் அக்கா. நான் வடையை முழுசாக விழுங்கினேன். நீயோ கலங்காமல், "மாப்பிள்ளை இல்லை அக்கா, ஒரு டீமே இருக்கு. பிள்ளையை நம்பித் தாங்கோ" என்றாய். மகள் துள்ளி, "எப்ப பிராக்டிஸ்?" என்றாள். அக்காவே சிரித்துவிட்டார்.

உன் அந்த வாய்க்கு நான்காமிடம் போதாது. இம்முறை உன் அணிக்கு முதலிடமேதான் என்று நம்ம டூட்டிங் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். அதற்கும் சேர்த்தே கோபித்துக்கொள்.

பெஞ்சில் காத்திருக்கும்,
உன் கணவன்