மாப்ள மீன்

என் உயிரான மாமா,

உன் பேச்சை இங்கே யாரும் எடுப்பதில்லை. ஆனால் உன்னைக் கொன்ற மீனுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். வலையில் அது வந்தால், "மாப்ள மீனுடா, பாத்து எடு" என்கிறார்கள். அந்தப் பெயரை வைத்தது யார் தெரியுமா? என் கூடப்பிறந்த அண்ணன்தான்.

பண்டசோழநல்லூரில் நெல் அறுத்துக்கொண்டிருந்தவன் நீ. என்னைக் கட்டிக்கொண்டு பூரணாங்குப்பம் வந்து அண்ணன் படகில் ஏறினாய். கெளுத்தி மீன் முள் குத்தினால் கையை உதறிவிட்டு வேலையைப் பார்ப்பதுதான் இங்கே ஆம்பளைத்தனம். வலிக்கிறது என்று சொல்லிவிட்டால் வருஷக்கணக்கில் கேலி செய்வார்கள்.

அன்றைக்குப் பவளப்பாறை ஓரமாக வலை விட்டிருக்கிறார்கள். கல்லோடு கல்லாகக் கிடக்கும் கல்மீன் ஒன்று வலையோடு வந்துவிட்டது. உள்ளங்கை அகலம்தான், முதுகு முள்ளெல்லாம் விஷம். நீ கல் என்று நினைத்து எடுத்துப் போடப் போனாய். குத்தியதும் அலறியிருக்கிறாய்.

"இன்னா மாப்ள, கெளுத்தி குத்துனதுக்கா இப்டி அழுவுற? கதிர் அறுத்த கையாச்சே!" என்று அண்ணன் சொல்ல, படகே சிரித்ததாம். அதற்குப்பிறகு நீ வாயைத் திறக்கவில்லை. அவர்களும் மிச்ச வலையை இழுத்து முடித்துத்தான் கரைக்கு வந்தார்கள்.

தோள்வரை வீங்கிய கையோடு உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "குத்துன உடனே கொண்டாந்திருக்கலாமேம்மா" என்றார் டாக்டர். நான் என்னத்தைச் சொல்ல? இன்னொரு தரம் நீ கத்தியிருக்கக் கூடாதா, மாமா? உன் ரோஷத்தைவிட நானும் பிள்ளையும் அவ்வளவு இளப்பமா?

போன வாரம் அண்ணன் வீட்டுக்கு வந்தான், கையில் தோடு.

"பாப்பாவுக்குக் காது குத்தணும்டி. தாய்மாமன் மடியிலதான் குந்த வெக்கணும். எனக்கு அந்த மீனத் தெரியலடி, வுட்டுடு."

"மீனத் தெரியல, சரி. அழுவறதுகூடவா தெரியல?" என்றேன். தோட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான். எனக்குப் பாவமாகவே இல்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், மாமா. நம் மகளுக்கு உன் ஊரில்தான் காது குத்துவேன், என் மடியில் உட்கார வைத்து. ஊசி பட்டதும் அவள் வீறிட்டு அழுவாள். அழட்டும், ஊருக்கே கேட்கட்டும். அதைக் கேட்டுச் சிரிக்கிற ஒருத்தன் மடியில் அவள் ஒருநாளும் உட்கார மாட்டாள்.

உன் பெண்டாட்டி,
இனி யாருக்கும் தங்கச்சி இல்லாத
அஞ்சலை