தகரப்பெட்டியைக் காலி செய்த விவரம்

பெரிய காஞ்சிபுரம்
21-6-1968

சிரஞ்சீவி குமாரவேலுக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், பினாங்கில் நீயும் அப்படியே இருக்க ஏகாம்பரநாதர் துணை.

சித்திரை மாதம் நம் வீட்டில் ஒரு முக்கியமான தீர்மானம் நிறைவேறியது. நீ கொண்டுவந்த பிஸ்கட் தகரப்பெட்டியில் இனிமேல் மிளகாய்த்தூள் வைப்பது என்பதே அது. உன் அம்மா முன்மொழிந்தாள், அவள் தம்பி வீரபாகு வழிமொழிந்தான், நான் அங்கீகரித்தேன். பெட்டிக்குள் உன் பழைய காகிதங்கள் இருந்தன. பதின்மூன்று வருஷத்துக்கு முன் கப்பலை விட்டு இறங்கியபோது அந்த நாட்டு அதிகாரிகள் கொடுத்த, உன் போட்டோ ஒட்டிய நுழைவு அனுமதிச் சீட்டு, ஊருக்கு வந்துபோன சீட்டுகள், அம்மை குத்திய சான்று எல்லாம். தை மாதம் வந்தபோது நீ, நான் இப்போ அந்த நாட்டுக் குடிமகன்பா, இதெல்லாம் இனிமே எதுக்கு, ஏதாவது பண்ணிடுங்க என்று சொல்லிவிட்டுப் போனாய். அந்த ஏதாவதைத்தான் செய்தோம்.

பழைய காகிதக்காரனிடம் போடலாம் என்றேன். என் புள்ளை மூஞ்சியிலே எவனோ பக்கோடா மடிச்சித் தின்னுவானா என்றாள் உன் அம்மா. அடுப்பில் போடலாம் என்றான் வீரபாகு. உசுரோட இருக்கிறவன் போட்டோவை எரிப்பியாடா என்று அவனை வாசல்வரை துரத்தினாள். கடைசியில் சாமி படம் போட்ட பழைய கல்யாணப் பத்திரிகைகளைப்போல் தண்ணீரில் விடுவது என்று முடிவாயிற்று. உன் மனைவி அம்சவேணி மட்டும், எதுக்கும் அது இருந்துக்கினே இருக்கட்டும் மாமா, மிளகாய்த்தூளுக்கு வேற டப்பா தரேன் என்றாள். குடிமகன் ஆனவனுக்கு அனுமதிச் சீட்டு எதுக்கும்மா, கல்யாணம் ஆனவன் பெண் பார்க்கப் போன தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டா அலைவான் என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தோம். அவள் சிரித்ததாக நினைவில்லை. காகிதங்களுக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவி ஓரிக்கைக்கு எடுத்துப்போனோம். பாலாற்றில் தண்ணீர் இல்லாததால் மணலில் முழங்கை ஆழம் தோண்டி, ஊறிவந்த தண்ணீரில் விட்டு மூடினோம். வீரபாகு கற்பூரம் காட்டினான்.

போன வாரம் உன் கடிதம் வந்தது. அம்சவேணியையும் குழந்தை கலாவதியையும் அங்கே அழைத்துக்கொள்ள நீ போட்ட மனுவுக்கு, நீ முதலில் வந்திறங்கிய தேதியைக் காட்டும் அசல் சீட்டு வேண்டுமாம், மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் மனுவைத் தள்ளிவிடுவார்களாம். நான்தான் உரக்கப் படித்தேன். தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்த அம்சவேணி கையிலிருந்த இழையை முடிந்துவைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவள் உன்னோடு இருந்தது மொத்தம் ஐந்து மாதம் என்று உன் அம்மா அப்போதுதான் கண்டுபிடித்தாள்.

மறுநாள் நானும் வீரபாகுவும் மண்வெட்டியோடு ஆற்றுக்குப் போனோம். அங்கே மணல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறது. இரண்டு நாளில் பதினோரு பள்ளம் தோண்டினோம், கடைசிப் பள்ளத்தில் உன் போட்டோ கிடைத்தது. அது ஒட்டியிருந்த சீட்டு கூழாகிவிட்டது, மஞ்சள் மட்டும் போகவில்லை. உன் அம்மாவைக் குறை சொல்லி எழுதாதே. பத்திரம் படிக்க வேண்டுமென்றால் தெருவே கூப்பிடுவது என்னைத்தான். நகல் கிடைக்குமா என்று அங்கே கேட்டுப் பார். இப்போது கையில் இருக்கும் குடியுரிமைச் சான்றை யாரிடமும் கொடுத்துவைக்காதே, என்னிடமும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, தீர்க்காயுளோடு இரு, காமாட்சி உன்னைக் கைவிட மாட்டாள். ஒன்று எழுத மறந்தேன். அம்சவேணி செவ்வாய்க்கிழமை காலை கலாவதியைக் கூட்டிக்கொண்டு ஐயம்பேட்டையில் அவள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். இனி அவளுக்கு எழுதுவதை அந்த விலாசத்துக்குப் போடவும்.

இப்படிக்கு, உன் தகப்பன்
கா. திருஞானசம்பந்தம்