தீபாவளிக்கு வண்டி வேண்டாம்

கீழப்பழுவூர்,
பெரம்பலூர் மாவட்டம்.
21.9.2003

என் பிரியமான மாமாவுக்கு,

பூங்குழலி எழுதுவது. இங்கே நான், அத்தை, பூவரசன் எல்லாரும் நல்லபடியாக இருக்கிறோம். மஸ்கட்டில் வெயில் கொஞ்சமாவது தணிந்ததா? வேலை முடிந்து வந்து உங்கள் ஒருவருக்காக ரசம் வைக்க அலுப்பாகத்தான் இருக்கும். அதற்காக ரொட்டியைக் கடித்துக்கொண்டு படுத்துவிடாதீர்கள்.

போனில் சொல்ல வேண்டியதை இவள் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போன் வந்தால் முதலில் அத்தை அழுவார்கள், அப்புறம் பூவரசன் பிடுங்கிக்கொள்வான், என் கைக்கு வரும்போது உங்கள் கார்டு தீர்ந்துபோயிருக்கும். அப்படியே பேசினாலும் நீங்கள் "சரி, சரி" என்று சொல்லிவிட்டு நினைத்ததைத்தான் செய்வீர்கள். கடிதத்திடம் அந்த வேலை நடக்காது.

விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளிக்கு நீங்கள் வரும்போது வாசலில் புது மோட்டார் சைக்கிள் நிற்க வேண்டும் என்று உங்கள் தம்பி மணிவேலிடம் சொல்லி, அரியலூரில் பதிவும் செய்துவிட்டீர்களாம். மணிவேல் வாயில் எதுதான் நின்றிருக்கிறது? கடைத்தெரு முழுக்கத் தெரிந்த பிறகு கடைசியாகத் தெரிந்துகொண்டவள் நான். முதலில் கோபம் வந்தது. நீங்கள் எதற்காகச் செய்தீர்கள் என்று யோசித்தபோது அழுகை வந்துவிட்டது. தை மாதம் பள்ளிக்கூட வாசலில் எவனோ வண்டியில் வந்து நம் பிள்ளையை இடித்துத் தள்ளியபோது பக்கத்தில் இல்லாமல் போனோமே என்ற வேதனை உங்களுக்கு. இனிமேல் அவனை ரோட்டில் நடக்கவே விடக் கூடாது, சித்தப்பன் வண்டியில் கொண்டுபோய் விடட்டும் என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள்.

ஆனால் அந்த வண்டி வேண்டாம் மாமா. முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படுங்கள்.

பிள்ளை காலில் கட்டுப் பிரித்த அன்று தஞ்சாவூர் டாக்டர் ஒன்று சொன்னார். எலும்பு கூடிவிட்டதாம், இனிமேல் நடைதான் மருந்தாம், பாவம் பார்த்து இவனைத் தூக்கிக்கொண்டு திரியாதே என்று என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார். பள்ளிக்கூடம் திறந்ததும் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போனேன். காலை நேரத்தில் நம் தெருவில் நடக்க இடம் எங்கே இருக்கிறது? மெயின் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரி நெருக்குகிறது என்று எல்லா வண்டியும் நம் தெருவில் புகுந்து பாய்கிறது. அதில் பாதி, பிள்ளைகளைப் பள்ளியில் விட வருகிற வண்டிதான். ஹாரன் சத்தம் கேட்டால் போதும், பூவரசன் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவான். அதற்குப் பிறகு நான் என்ன கெஞ்சினாலும் ஒரு அடி எடுத்து வைக்கமாட்டான்.

வீடு வீடாகப் போய்க் கேட்டேன். பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம், பிள்ளைகளை நடத்தி அனுப்புங்கள், கடைக்குச் சைக்கிளில் போங்கள் என்றேன். சிரித்தார்கள். நம் எதிர்வீட்டு வைத்திலிங்கம் அண்ணன் தெருமுனையில் டீ குடிக்கக்கூட வண்டியை உதைத்துத்தான் கிளம்புவார். இதே மனிதர்கள் மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு, காலில் செருப்பில்லாமல் சமயபுரம்வரை நடக்கிறார்கள். ஆத்தாவுக்காக நடக்கிற கால் பிள்ளைக்காக நடக்காதா என்று கேட்டேன். அது வேண்டுதல், இது வேறம்மா என்றார்கள்.

சத்துணவு சமைக்கிற ரத்தினம்மாள் அக்கா அந்தப் பேச்சை அப்படியே பிடித்துக்கொண்டார். "வேண்டுதல்னாத்தான் கேப்பானுவன்னா வேண்டுதலாவே வச்சுப்புடுவோம்டி" என்றார். ஆடியில் மாரியம்மனுக்குக் காப்பு கட்டினபோது பூசாரி கருப்பண்ணன் அய்யாவிடம் பேசி, தெருவில் இருக்கிற வண்டிகளின் கைப்பிடியிலும் மஞ்சள் நூல் கட்டவைத்தோம். காலையில் பள்ளிக்கூட மணி அடிக்கும்வரை காப்பு கட்டிய வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது, அதுவரை நடை, இல்லாவிட்டால் சைக்கிள், பிள்ளைகளுக்காக ஆத்தாவிடம் நேர்ந்துகொண்டது என்று அய்யா சொல்லிவிட்டார். திருவிழா முடிந்து கைக்காப்பை அவிழ்த்தார்கள், வண்டிக் காப்பை யாரும் தொடவில்லை. பிள்ளைகள் நடுத்தெருவில் கூட்டமாகப் பேசிக்கொண்டு நடந்தார்கள். நம் பிள்ளை என் கையை உதறிவிட்டு அவர்களோடு போய்ச் சேர்ந்தான். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பின்னால் போனேன்.

எல்லாம் நல்லபடியாகப் போனால் நம் ஊராக இருக்குமா? போன மாதம் ஒருநாள் காலையில் வைத்திலிங்கம் அண்ணன் பெண்சாதி பஞ்சவர்ணத்துக்கு வலி எடுத்துவிட்டது. அந்த மனிதர் அவளை வண்டியில் உட்காரவைத்தார். காப்பு கட்டின வண்டியை ஸ்டார்ட் செய்தால் பிரசவத்துக்கு ஆகாது என்று பயம். அதனால் ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறார். சீட்டில் உட்கார்ந்திருந்தவள் வலியில் கத்தினது பாதி, அவரைத் திட்டினது பாதி. நர்சம்மா அவரைக் கேட்காத கேள்வி இல்லை. பெண் குழந்தை, சுகப்பிரசவம். ஆனாலும் ஏதாவது ஆகியிருந்தால் அந்தப் பழியை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். நூலை அறுத்துப்போடு, பொம்பளை பேச்சைக் கேட்டதற்கு இது வேண்டும் என்று சிலர் குதித்தார்கள். நோய்க்கும் பேறுகாலத்துக்கும் காப்பு கிடையாது, இதுகூட ஆத்தாவுக்குத் தெரியாதா என்று பூசாரி அய்யா சமாதானம் சொன்னார். பஞ்சவர்ணம் ரத்தினம்மாள் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தாள். "இந்த மனுசன் ஓட்டிக்கிட்டுப் போயிருந்தா ஸ்பீடு பிரேக்கர்லயே பெத்துப்போட்டிருப்பேன், தள்ளிட்டுப் போனதே நல்லது" என்றாளாம். வைத்திலிங்கம் அண்ணன் உட்பட எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஒருவர் எழுந்து என்னைப் பார்த்துக் கேட்டார். "உன் வூட்டுக்காரரு தீவாளிக்குப் புது வண்டி எறக்குறாராமே. ஊரை நடக்கச் சொல்லிட்டு உன் புள்ளை மட்டும் வண்டியில போவானா?" தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்து மணிவேலைப் பிடித்து உலுக்கியபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

நம் வாசலில் அந்த வண்டி வந்து நின்றால் மறுநாளே எல்லா வண்டியிலும் நூல் அறுந்துவிடும். தெரு பழையபடி ஆகும், பூவரசன் பழையபடி சுவரோடு ஒட்டிக்கொள்வான். அவன் கால் சரியாக வேண்டும் மாமா. எனக்கு அதைத் தவிர வேறு எதுவும் பெரிதில்லை.

உங்கள் வண்டி ஆசை எனக்குத் தெரியாதா? சிநேகிதரிடம் இரவல் வாங்கின வண்டியில் என்னைப் பெண் பார்க்க வந்தவர்தானே நீங்கள். இந்தத் தடவை என்னைப் பின்னால் உட்காரவைத்து ஜெயங்கொண்டம்வரை போய் எங்கள் அம்மா வீட்டு வாசலில் ஹாரன் அடிக்க வேண்டும் என்று நினைத்திருப்பீர்கள். அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கும்தான் வலிக்கிறது. வயலுக்குப் போக மணிவேலின் பழைய சைக்கிளைச் செயின் மாற்றி வைத்திருக்கிறேன். இன்னொன்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. நானும் அதை ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஏறுவதற்கு மட்டும் ஒரு திட்டு வேண்டும், இறங்குவதற்கு ஒரு ஆள் வேண்டும்.

நாளைக்கே மணிவேலுக்குப் போன் போட்டுப் பதிவை ரத்து செய்யச் சொல்லுங்கள். நான் சொன்னால் அண்ணன் வாயால் கேட்டால்தான் ஆச்சு என்கிறான்.

நீங்கள் வருகிற அன்று பஸ் நிறுத்தத்துக்கு யாருடைய வண்டியையாவது வாங்கிக்கொண்டு அவன் வந்து நிற்பான். பெட்டியை மட்டும் அதில் ஏற்றி அனுப்புங்கள். பூவரசனும் அங்கே வருவான். அப்பாவை நான்தான் நடத்திக் கூட்டிவருவேன் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறான். கால் நன்றாகிவிட்டது என்று போனில் சொல்லியிருந்தேன். நன்றாகிக்கொண்டுதான் வருகிறது. ஆனால் இடது காலை இன்னும் கொஞ்சம் இழுத்துத்தான் வைப்பான். பார்த்த உடனே உங்களுக்கு அவனைத் தூக்கிக்கொள்ளத் தோன்றும். தூக்காதீர்கள் மாமா. அவன் முன்னால் கண் கலங்கவும் வேண்டாம். கையை மட்டும் அவனிடம் கொடுங்கள். எவ்வளவு நேரமானாலும் அவன் நடைக்கு நீங்களும் நடந்து வாருங்கள்.

உலை வைத்துவிட்டு வாசலிலேயே நிற்பேன்.

உங்கள்,
பூங்குழலி